அசதிக்கு எடுத்த டெஸ்டோஸ்டிரோன் டெஸ்ட்: ரிப்போர்ட்டை வாசிக்கக் கற்றுக்கொண்ட கதை

ரப்பர் பால் வெட்டுகிறவனுக்கு அசதி புதிதல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. வெட்டு உள்ள நாளில் விடியற்காலை மூன்று மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். சிரட்டையில் சேர்ந்த பாலை எடுத்து, டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் கலந்து, உறைந்ததை மெஷினில் ஷீட்டாக அடித்து முடிக்க மதியம் ஆகிவிடும். உடம்பு வலிக்கும், சாப்பிட்டுப் படுத்தால் சரியாகிவிடும். இத்தனை வருடம் அப்படித்தான் போனது.

நாற்பத்திமூன்று வயதில் வந்த அசதி வேறு மாதிரி. தூங்கி எழுந்தாலும் தூங்காதவன் போல இருக்கும். கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் தட்ட ஆரம்பித்தது. இருபது வருடம் வெட்டிய கைக்கு அப்படி நடக்கக் கூடாது. மரத்தில் காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், மறுபடி அதில் ஒழுங்காக வெட்ட முடியாது. அதைப் பார்த்துக்கூட எனக்குப் பதறவில்லை. எதிலுமே பிடிப்பு இல்லை. கல்யாண வீடு, கோயில் கொடை எதற்கும் போகத் தோன்றாது. மனைவியிடம் நெருங்கும் ஆசையும் குறைந்துபோனது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டால் டாக்டரால் பாதிக் கதையைத்தான் கேட்க முடியும், அதனால் எழுதியே விடுகிறேன்.

ஒரு கிளினிக்கில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவைப் பார்க்கச் சொன்னார்கள். காலையில் வெட்டு இருந்ததால் வேலையெல்லாம் முடித்து, மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். அதற்கு முந்தின வாரம்தான் காய்ச்சல் வந்து விட்டிருந்தது. ரிப்போர்ட்டில் 231 என்று வந்தது, பக்கத்தில் குறைவு என்று அம்புக்குறி. கிளினிக்கில் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாதம் ஒரு ஊசி போட்டால் பழைய ஆளாகிவிடலாம் என்றார்கள். எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் மனைவிக்குத்தான் அந்த அவசரம் பிடிக்கவில்லை. "ஊசிய அடுத்த மாசமும் போடலாம். வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு முடிவு பண்ணுங்க" என்றாள். நாகர்கோவிலில் ஒரு பொது மருத்துவரைப் பார்த்தோம். அவர் முதலில் பார்த்தது 231 என்ற எண்ணை அல்ல, ரிப்போர்ட்டின் மேல்மூலையில் சின்ன எழுத்தில் இருந்த நேரத்தை.

ஆண்களின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. தூக்கத்தில் ஏறி, எழும் நேரத்தில் உச்சத்தில் இருந்து, பொழுது ஏற ஏறக் குறைந்து, சாயங்காலம் அடிமட்டத்துக்கு வந்துவிடும். இளைஞர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் அதிகம், வயதானவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. டாக்டர் சொன்னபோது எனக்கு உடனே பிடிபட்டது எங்கள் தொழிலால்தான். விடியுமுன் வெட்டினால் மரத்தில் அழுத்தம் இருக்கும், பால் சுரந்து ஓடும். வெயில் ஏறிய பிறகு அதே மரத்தை வெட்டினால் சிரட்டையில் சேரும் பால் குறைந்துபோகும். அதற்காக மரம் பட்டுப்போய்விட்டது என்று யாராவது சொல்வார்களா?

ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவும், டாக்டர்கள் வைத்திருக்கும் வரம்பும் காலையில் எடுத்த ரத்தத்தை வைத்துக் கணக்கிட்டவை. எனவே காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். சாப்பிட்ட பின், அதிலும் மாவுச்சத்தோ இனிப்போ நிறையச் சாப்பிட்ட பின், அளவு கணிசமாக இறங்கும். காய்ச்சல், தொற்று, ஆபரேஷன் எதுவாக இருந்தாலும் உடம்பு முழுக்கத் தேறும்வரை பார்க்கக் கூடாது. ஒரு தடவை குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலையில் மறுபடி எடுக்க வேண்டும். இரண்டிலும் குறைவாக இருந்து, அதற்குரிய அறிகுறிகளும் இருந்தால்தான் குறைபாடு என்றே சொல்வார்கள். ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்காவின் எண்டோக்ரைன் சொசைட்டி 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இதுதான் இருக்கிறது.

என்னைப் போல நேரங்கெட்ட நேரத்தில் எழுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்த ஏற்ற இறக்கம் சுவர்க் கடிகாரத்தைவிடத் தூக்கத்தோடுதான் அதிகம் ஒட்டியிருக்கிறது. மூன்று மணிக்கு எழுந்து தோட்டத்தில் அலைந்துவிட்டு பத்து மணிக்கு ரத்தம் கொடுத்தால், எழுந்து ஏழு மணி நேரம் கழித்துக் கொடுத்ததாகத்தான் அர்த்தம். நைட் டூட்டி பார்க்கும் செக்யூரிட்டி, நர்ஸ், கடலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். நல்ல தூக்கம் தூங்கி எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுப்பதுதான் சரி. "வெட்டு இல்லாத நாளாப் பாத்து வாங்க, முந்தின ராத்திரி நல்லாத் தூங்குங்க" என்றார் டாக்டர். நம்ம மாவட்டத்தில் மழைக்கா பஞ்சம்? ஒரு மழை நாளில் வெட்டைப் போட்டுவிட்டு, காலை ஏழரைக்கு வெறும் வயிற்றில் கொடுத்தேன். 318 வந்தது. இன்னொரு மழை நாளில் அதே லேபில் கொடுத்தேன், 329.

இந்த 318 நல்லதா கெட்டதா என்பது அடுத்த குழப்பம். ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு இயல்பு அளவைப் போட்டிருக்கும், ஏனென்றால் மெஷினும் முறையும் வேறு வேறு. பருமன் இல்லாத 19 முதல் 39 வயது வரையான ஆரோக்கியமான ஆண்களை வைத்துக் கணக்கிட்ட ஒரு பொது அளவு இருக்கிறது: டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம். அமெரிக்க யூராலஜி (சிறுநீர்ப்பாதை மருத்துவர்கள்) சங்கம் 300க்குக் கீழ் என்றால் குறைவு என்கிறது. இப்படி வரம்பு வைப்பதிலேயே நிபுணர்களுக்குள் வேறுபாடு உண்டு. 290 என்றால் நோயாளி, 310 என்றால் ஆரோக்கியசாலி என்று கோடு கிழிக்க முடியாது. அதனால்தான் ஒரே லேபில், ஒரே முறையில், ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிடச் சொல்கிறார்கள்.

அலகையும் பார்க்க வேண்டும். என் மைத்துனன் ஓமனில் வேலை பார்க்கிறான், வயது முப்பத்தொன்று. நான் டெஸ்ட் எடுத்ததைக் கேள்விப்பட்டு அவனும் அங்கே எடுத்திருக்கிறான். ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "அத்தான், ஒங்களுக்கு முந்நூறு இருக்கு, எனக்கு வெறும் பதினாலுதான் இருக்கு" என்று அழாத குறை. ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். 14.2 நானோமோல், லிட்டருக்கு. அங்கே பல லேபுகளில் அந்த அலகில்தான் தருவார்கள். அதை 28.84 ஆல் பெருக்கினால் நம்மூர்க் கணக்கு வரும்: ஏறக்குறைய 410. என்னைவிட அவனுக்குத்தான் அதிகம். அதைச் சொன்ன பிறகுதான் அவன் தூங்கப் போனான்.

அடுத்து டாக்டர் எழுதிக் கொடுத்தது எஸ்.எச்.பி.ஜி என்ற டெஸ்ட். ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை இந்தப் புரதம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு பங்கு ஆல்புமினோடு லேசாக ஒட்டியிருக்கும். எதனோடும் ஒட்டாமல் இருப்பது இரண்டு மூன்று சதவீதம்தான். டோட்டல் டெஸ்டோஸ்டிரோன் என்று வருவது இவை எல்லாம் சேர்ந்த கணக்கு. உடல் பருமன், சர்க்கரை, தைராய்டு குறைவு இருந்தால் எஸ்.எச்.பி.ஜி குறையும். அது குறைந்தால் டோட்டல் எண்ணும் குறைந்து தெரியும், ஆனால் உடம்புக்கு உதவும் பங்கு சரியாகவே இருக்கலாம். வயது ஏறினாலோ, கல்லீரல் நோய், தைராய்டு மிகுதி இருந்தாலோ நேர்மாறாக நடக்கும். டோட்டல் நன்றாகத் தெரியும், உள்ளே குறைவாக இருக்கும். எனக்கு அப்போது எடை 91 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். எஸ்.எச்.பி.ஜி 16 என்று வந்தது. ஆல்புமினையும் சேர்த்து டாக்டர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார். எதனோடும் ஒட்டாத பங்கு, அதாவது ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன், மில்லிலிட்டருக்கு 89 பிகோகிராம் சுமார். வயதுக்குப் போதுமான அளவு என்றார். லேபில் நேரடியாக ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் பார்க்கும் மலிவான டெஸ்டும் உண்டு. அது அவ்வளவு நம்பகமானதல்ல, அதற்குக் கொடுக்கும் காசை எஸ்.எச்.பி.ஜிக்குக் கொடுப்பது மேல்.

எல்.எச், எஃப்.எஸ்.எச், புரோலாக்டின் என்ற வேறு மூன்று ஹார்மோன்களும் எனக்கு இயல்பாக இருந்தன. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு இவைதான் வழி காட்டும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச் மூலம் விதைப்பைக்கு உத்தரவு அனுப்புகிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச் ஏறியிருந்தால் கோளாறு விதைப்பையில்: பெரிய வயதில் வந்த பொன்னுக்குவீங்கி, அடிபட்டது, பிறவிக் குரோமோசோம் வேறுபாடு என்று காரணம் தேடுவார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் எல்.எச் ஏறாமல் கிடந்தால் உத்தரவு வரும் இடத்தில் ஏதோ கோளாறு. புரோலாக்டின் மிகவும் ஏறியிருந்தால் பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்கள். இதையெல்லாம் பார்க்காமல் ஊசியை ஆரம்பித்தால் காரணம் மூடிப் போய்விடும், ஏனென்றால் ஊசி போட்டதும் எல்.எச் தானாகவே அடங்கிவிடும். முதலில் போன கிளினிக்கின் மேல் எனக்கு இருக்கும் வருத்தம் இதுதான்.

முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சில மெஷின்களில் அது டெஸ்டோஸ்டிரோனை இருப்பதைவிடக் கூட்டியும், டி.எஸ்.எச் (தைராய்டுக்கான டெஸ்ட்), எல்.எச் போன்றவற்றைக் குறைத்தும் காட்டும். டிரமடால் மாதிரி வலி மாத்திரையை நாள்பட எடுப்பது, ஸ்டீராய்டு மாத்திரை, குடி, ஜிம்மில் கொடுக்கும் ஊசி, எதையும் மறைக்கக் கூடாது.

சரி, டெஸ்டோஸ்டிரோன் காரணமில்லை என்றால் அசதி எங்கிருந்து வந்தது? 2010ல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், எட்டு நாடுகளில் 40 வயது தாண்டிய ஆண்களைப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைவோடு இறுக்கமாகச் சேர்ந்து வந்தவை மூன்று அறிகுறிகள்தான்: விடியற்காலை விறைப்பு குறைவது, காம எண்ணம் குறைவது, உறவின்போது விறைப்பு நிற்காமல் போவது. அசதியும் மனச்சோர்வும் அப்படிச் சேர்ந்து வரவில்லை. அவை நூறு காரணத்தால் வரும். எனக்கு ஆசை குறைந்திருந்ததே தவிர மற்ற இரண்டும் சரியாகத்தான் இருந்தன. டாக்டர் ஹீமோகுளோபின், டி.எஸ்.எச், பி12, வைட்டமின் டி, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், கல்லீரல், மூன்று மாத சர்க்கரை எல்லாம் பார்த்தார். ரத்தசோகை இல்லை, தைராய்டு சரி. மூன்று மாத சர்க்கரை 6.1, அதாவது சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறேன்.

அப்புறம் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்: "இவர் குறட்டை விடுவாரா?"

"குறட்டை பரவால்ல டாக்டர், பழகிப்போச்சு. நடுவுல மூச்சே நின்னுபோவுது. நான் எத்தனையோ ராத்திரி தோளப் பிடிச்சு உலுக்கியிருக்கேன். பெறகு ஒரு இழுப்பு இழுத்து மூச்சு விடுவாரு" என்றாள். எனக்கு இது எதுவும் தெரியாது.

ராத்திரி வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கும் ஒரு கருவியைத் தந்தார்கள். விரலில் ஒன்று, மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை. மணிக்கு 27 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது என்று வந்தது. ஐந்துக்குக் கீழ் இருந்தால் இயல்பு, பதினைந்தைத் தாண்டினால் நடுத்தரம், முப்பதைத் தாண்டினால் கடுமை. நான் கடுமைக்குப் பக்கத்தில் இருந்தேன். ஏற்கெனவே பத்தரைக்குப் படுத்து மூன்றுக்கு எழுகிறவன், அந்த நாலரை மணி நேரமும் தூக்கமே இல்லை என்றால் உடம்பு என்ன செய்யும்? தூக்கம் குறைந்தாலே டெஸ்டோஸ்டிரோனும் குறையும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ராத்திரிக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்ததில் பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியது, 2011ல் வெளியான ஆய்வு. முதலில் சொன்ன ஊசியைப் பற்றி இங்கேதான் எனக்குப் பயம் வந்தது. தூக்கத்தில் வரும் இந்த மூச்சடைப்பு கடுமையாக இருந்து அதற்குச் சிகிச்சை எடுக்காதவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுக்க வேண்டாம் என்றே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன, மூச்சடைப்பு இன்னும் கூடலாம்.

மனசுக்கும் ஒரு டெஸ்ட் உண்டு. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை மதிப்பெண். எனக்கு 13 வந்தது, நடுத்தர அளவு மனச்சோர்வு. அப்பா இறந்த பிறகு நான் அழவே இல்லை என்பதை அந்த அறையில்தான் சொன்னேன். நம்ம பக்கத்தில் ஆண்கள் மனசு சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள். உடம்பு சரியில்லை, ஹார்மோன் குறைவு என்றால் சொல்லிக்கொள்ளலாம். அதனாலேயே எத்தனையோ பேர் டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள் என்று நினைக்கிறேன். மனநல டாக்டரைப் பார்ப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தால் டெஸ்ட், ரிப்போர்ட் என்று காத்திருக்காமல் 14416க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் அது, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. உண்மையான குறைபாடு உள்ளவர்களுக்கு அது நல்ல மருந்து. ஆசை திரும்பும், எலும்பும் தசையும் தேறும். ஆனால் 65 வயது தாண்டிய, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த ஆண்களுக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்விலேயே, 2016ல் வந்தது, தாம்பத்தியத்தில் தெரிந்த முன்னேற்றம் அசதியில் தெளிவாகத் தெரியவில்லை. ஆரம்பித்தால் ரத்தம் கெட்டிப்படுகிறதா என்று ஹிமாட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், 54 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்துவார்கள். வயதானவர்களுக்கு புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ என்ற ரத்த டெஸ்ட்டும் பார்க்க வேண்டும்.

குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் பிட்யூட்டரி உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும், பலருக்குப் பூஜ்ஜியமே ஆகும். வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாக உலக சுகாதார நிறுவனம் சோதித்து 1990ல் முடிவு வெளியிட்டிருக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். என் மைத்துனனுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தைக்காகக் காத்திருக்கிறார்கள். அங்கே ஜிம்மில் ஒருவன், ஆண்மைக்கு நல்லது என்று அவனுக்கு இதே ஊசியைச் சொல்லியிருக்கிறான். இதை விளக்கிச் சொன்னதும் லைனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அத்தான், நல்ல வேளை, அடுத்த வெள்ளிக்கிழமை போடறதா இருந்தேன்" என்றான். லீவில் வரும்போது முதலில் விந்தணு டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இப்போது ராத்திரி மூக்கில் மாஸ்க் வைத்துக் காற்று செலுத்தும் சிபாப் மெஷின் இருக்கிறது. முதல் சில வாரம் பெரிய தொந்தரவு, பாதி ராத்திரியில் கழற்றிப் போட்டுவிடுவேன். மாஸ்க்கின் அளவை மாற்றிக் கொடுத்த பிறகு பழகிவிட்டது. வெட்டை ஒன்றுவிட்ட நாளாக்கி, ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறேன். மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை, அதை நானாக நிறுத்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டில் மரச்சீனியைக் குறைத்தேன், எடை 84க்கு வந்திருக்கிறது. மெஷின் போட்டதால் மட்டும் டெஸ்டோஸ்டிரோன் ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள், எடை குறைந்தால் ஏறும் என்றார். போன மழையில் எடுத்தபோது 402, எஸ்.எச்.பி.ஜி 21, மூன்று மாத சர்க்கரை 5.8. அசதி முழுக்கப் போகவில்லை, பாதிக்கு மேல் போய்விட்டது. கத்தி இப்போது மரத்தில் தட்டுவதில்லை. சர்க்கரைக்கும் எடைக்கும் அடுத்து ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். டெஸ்டோஸ்டிரோனை, அறிகுறி ஏதும் புதிதாக வந்தால் தவிர, மறுபடி பார்க்கத் தேவையில்லை என்றார்.